கோட்டாறு: சந்தைத் தெருவில் ஒரு சவேரியார்

நாகர்கோவில் ஜங்ஷனில் இறங்கி ஆட்டோக்காரரிடம் 'கதீட்ரல் போகணும்' என்றால் கொஞ்சம் யோசிப்பார். 'சவேரியார் கோயில்' என்றால் அடுத்த நொடி வண்டியைக் கிளப்பிவிடுவார். ரயில் நிலையமே கோட்டாறில்தான் இருக்கிறது என்பதால் பயணம் சில நிமிடம்தான். பேராலயத்தை முதல்முறை பார்க்க வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் கொஞ்சம் ஏமாற்றம் இருக்கும். வேளாங்கண்ணியைப் போல மணல்வெளியும் விடுதி வரிசையும் இல்லை. மணப்பாட்டைப் போலக் கடலைப் பார்த்து நிற்கும் குன்றும் இல்லை. அரிசி மண்டி, பலசரக்கு மொத்தக் கடை, ஜவுளிக் கடை, லாரி நின்று மூட்டை இறக்கும் சந்து, இவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைக் கோயில். போட்டோவுக்கு வாகான இடம் இல்லை என்று பத்து நிமிடத்தில் கன்னியாகுமரி பஸ்ஸைப் பிடித்துவிடுகிறவர்கள் உண்டு.

அப்படிப் போய்விட்டால் இந்தத் தலத்தின் முக்கால்வாசியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். கோட்டாறைக் கோயிலுக்குள் இருந்து தொடங்கிப் புரிந்துகொள்ள முடியாது. முதலில் சந்தை, அப்புறம் சாலை, அதற்கும் அப்புறம்தான் கோயில். சவேரியார் இந்த ஊருக்கு வந்ததும், 18ஆம் நூற்றாண்டில் கொல்லப்பட்டுப் பின்னால் புனிதரான தேவசகாயத்தின் உடல் இங்கே வந்து சேர்ந்ததும், கடற்கரைச் சனம் வருடா வருடம் திரண்டு வருவதும், எல்லாமே அந்தச் சந்தையும் சாலையும் போட்டுவைத்த வழியில்தான்.

கோயிலுக்கு முந்திய ஊர்

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்க அறிஞர் தாலமி எழுதிய நிலநூலில் 'கோட்டியாரா' என்ற பெருநகர் வருகிறது. அது இந்தக் கோட்டாறுதான் என்பதே ஆய்வாளர்களின் பொதுவான கருத்து. சோழர் காலத்துக் கல்வெட்டுகள் இதை 'கோட்டாறான மும்முடிச்சோழநல்லூர்' என்று சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கன் தென்னாட்டை அடக்கியபோது இங்கே நிலைப்படை நிறுத்தினான். சோழன் எதற்காக இவ்வளவு தூரம் வந்து இந்த ஊரில் படையை உட்காரவைக்க வேண்டும்? மாவட்ட வரைபடத்தை ஒரு தடவை பார்த்தால் தெரிந்துவிடும்.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே தேய்ந்து முடிகிற இடத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய் இருக்கிறது. பாண்டி நாட்டிலிருந்து மலை ஏறாமல், மாட்டு வண்டியோடு மேற்கே போக அதுதான் வழி. கணவாயைத் தாண்டி நாஞ்சில் நாட்டு வயலுக்குள் இறங்கினால் முதல் பெரிய சந்தை கோட்டாறு. தெற்கே பத்து கிலோமீட்டருக்குள் கடல். கிழக்கேயிருந்து துணியும் தானியமும், வடக்கே வயலிலிருந்து நெல், மேற்கேயிருந்து மிளகும் தேங்காயும், தெற்கேயிருந்து மீனும் புத்தளம் பக்கத்து உப்பும் வந்து கூடுகிற இடம் இது. கம்போளம் என்று ஊரார் சொல்லும் கடைத்தெருவில் இன்றைக்கும் காலையில் நடந்தால் மல்லியும் வத்தலும் கருவாடும் கலந்த வாசனை மூக்கில் ஏறும்.

சந்தை இருக்கிற இடத்தில் எல்லாச் சாதியும் எல்லா மதமும் வந்து குடியேறும். கோட்டாறை ஒட்டிய இடலாக்குடி பழைய முஸ்லிம் குடியிருப்பு. சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் பிறந்த ஊர். இந்தப் பக்கம் நாகராஜா கோயில். அதன் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் இருக்கின்றன. சவேரியார் கோயிலை இவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். தனியாக எடுத்துவைத்தால் ஏதோ வானத்திலிருந்து விழுந்தது மாதிரி தெரியும்.

கடிதத்தில் இருப்பதும் வாய்வழி வந்ததும்

பிரான்சிஸ் சவேரியார் 1506இல் இன்றைய ஸ்பெயினின் வடக்கே நவார் பகுதியில் பிறந்தவர். 1542 மே மாதம் கோவாவில் இறங்கி, அந்த ஆண்டு முடிவதற்குள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையான முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார். அங்கே அவர் புதிதாக ஒன்றைத் தொடங்கவில்லை. முத்துக்குளிப்பு உரிமைச் சண்டையில் போர்ச்சுகீசியரின் பாதுகாப்பைத் தேடிய பரதவர்கள் 1530களிலேயே ஞானஸ்நானம் பெற்றிருந்தார்கள். பெயர் மாறியிருந்ததே தவிர, சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. சவேரியார் கையில் ஒரு மணியோடு தெருத்தெருவாக நடந்து சிறுவர்களைக் கூப்பிட்டு, தமிழில் மனப்பாடம் செய்துவைத்த செபங்களைச் சொல்லிக்கொடுத்தார். ஞானஸ்நானம் கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோகிறது என்று கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

குமரிக்கு அவர் வந்த கதை பக்தி நூல்களில் வருவதைவிடக் கடிதங்களில் சுவாரசியமாக இருக்கிறது. 1544இல் வடக்கேயிருந்து வந்த விஜயநகரப் படையினர் கடற்கரை ஊர்களைச் சூறையாடினார்கள். கடிதங்களில் அவர்கள் 'வடகர்'. குமரிமுனைச் சனம் ஊரை விட்டு ஓடிக் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. சோறில்லை, குடிக்கத் தண்ணீரில்லை. செய்தி கேட்டதும் சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளில் உணவு ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். எதிர்க்காற்று நாள்கணக்கில் தோணிகளை நகரவிடவில்லை. கடைசியில் கரை வழியாக நடந்தே போனார். ஜூன் மாதக் காற்றில் குமரி முனையில் ஒரு தடவை நின்று பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் அவர் மேற்குக் கரைக்குப் போனார். பூவார் முதல் பள்ளம் வரை முக்குவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் ஒரே மாதத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு ஞானஸ்நானம் கொடுத்ததாக 1545 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதினார். ஊர் ஊராகப் போய், ஒவ்வொருவருக்கும் புதுப்பெயரைத் தன் கையால் எழுதிக் கொடுத்தார். இதற்குப் பின்னால் அரசியல் இல்லாமல் இல்லை. இந்தப் பகுதியை ஆண்ட வேணாட்டு அரசருக்கு வடக்கேயிருந்து வந்த படைகளைச் சமாளிக்கப் போர்ச்சுகீசியர் தயவு தேவைப்பட்டது. கடற்கரையில் மதம் மாற அனுமதி கொடுப்பதில் அவருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. முக்குவருக்கோ, நிலத்து ஆதிக்கங்களுக்கு வெளியே கடல்வழியில் ஒரு துணை கிடைத்தது. பக்தியையும் கணக்கையும் தனித்தனியாகப் பிரிக்க அந்தக் காலத்து மனிதர்களே முயன்றதாகத் தெரியவில்லை. நாம் பிரிப்பதும் வீண்வேலை.

இனி கோட்டாறு. சிலுவையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தனியாளாக வடகர் படையின் முன் சவேரியார் போய் நின்றார், படை பின்வாங்கியது, மகிழ்ந்த அரசர் அவருக்குக் கோட்டாறில் கோயில் கட்ட இடம் கொடுத்தார் என்பது ஊர் சொல்லும் கதை. கோட்டாறுக் கோயிலின் தொடக்கமே இதுதான் என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். சவேரியாரே எழுதிய கடிதங்களில் இந்தப் படைநிறுத்தக் காட்சி இல்லை. ஆனால் படை வந்தது, சனம் ஓடியது, அரசரோடு அவருக்குத் தொடர்பு இருந்தது, எல்லாம் கடிதங்களில் இருக்கின்றன. எலும்பு கடிதத்தில் கிடைக்கிறது, சதையை ஊர் வைத்திருக்கிறது. மாதாவுக்கு இங்கே ஏற்கனவே ஒரு சிறு ஆலயம் இருந்ததாகவும் அதில்தான் அவர் செபித்தார் என்றும் மரபு. வருகிறவர்கள் முதலில் அந்த இடத்தில் மண்டியிட்டுவிட்டுத்தான் பெரிய பீடத்துக்குப் போவார்கள்.

1600க்குப் பிறகு இயேசு சபைக் குருக்கள் இங்கே நிலையான கோயில் எழுப்பினார்கள்; 1603 என்பது பொதுவாகச் சொல்லப்படும் ஆண்டு. சவேரியாருக்குப் புனிதர் பட்டம் 1622இல்தான் கிடைத்தது. 19ஆம் நூற்றாண்டிலும் பிறகும் கட்டடம் விரிந்தது. 1930 மே 26 அன்று கொல்லம் மறைமாவட்டத்திலிருந்து (ஓர் ஆயரின் கீழ் வரும் திருச்சபைப் பகுதிதான் மறைமாவட்டம்) பிரித்துக் கோட்டாறு மறைமாவட்டம் உருவானது. மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1இல்தான் என்பதை நினைத்தால், திருவிதாங்கூருக்குள் இருந்த காலத்திலேயே இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கர்கள் தனி மறைமாவட்டமாகிவிட்டார்கள் என்பது விளங்கும். 2014 டிசம்பரில் மேற்குப் பகுதி குழித்துறை மறைமாவட்டமாகப் பிரிந்தது. கடற்கரையின் மேற்குக் கோடியில், தூத்தூர் பக்கத்து மீனவ ஊர்கள் மட்டும் இன்றும் திருவனந்தபுரம் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. எல்லைக்கோடு போட்டவர்கள் ஒரு கணக்கில் போட்டார்கள், சனம் இன்னொரு கணக்கில் வாழ்கிறது.

பத்து நாள் திருவிழா

கோட்டாறு தன் முழு உருவத்தில் தெரிவது நவம்பர் கடைசி வாரத்தில் கொடியேறியதிலிருந்து டிசம்பர் 3 வரை. சவேரியார் சீனக் கரையோரத் தீவில் இறந்த நாள் 1552 டிசம்பர் 3. அன்றைக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை.

பழைய நாளில் கடற்கரைப் பெண்கள் கடவம் என்ற மீன் கூடையைத் தலையில் சுமந்து உள்நாட்டு ஊர்களுக்கு நடந்து வந்தார்கள். விற்ற காசில் அரிசியும் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்பினார்கள். கோட்டாறு அவர்களுக்கு வாராந்தரப் பாதை. திருவிழா அந்தப் பாதையில் குடும்பத்தோடு வரும் ஒரு நாள். நேர்ச்சையும் செலுத்தலாம், கிறிஸ்துமசுக்குத் துணியும் எடுத்துக்கொள்ளலாம். இன்றும் தேர் பார்க்க வந்தவர் கையில் ஜவுளிக் கடைப் பை தொங்குவதைப் பார்க்கலாம். இதை ஏதோ வியாபாரமாகிவிட்ட பக்தி என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது சரியாகப் படவில்லை. சந்தைக்குள் இருக்கும் கோயிலில் சந்தை இருக்கத்தான் செய்யும்.

கடைசி நாட்களின் இரவிலும், டிசம்பர் 3 அன்று பகலிலும் தேர் ஓடும். காவல் சம்மனசு (காவல் தூதர்), செபஸ்தியார், சவேரியார், மாதா என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தேர்கள் வரும். தேர் நெருங்கும்போது பக்கத்தில் நிற்கிறவர்களின் கையைக் கவனியுங்கள். கல்லுப்பும் நல்லமிளகும் கலந்த ஒரு சின்னப் பொட்டலம் இருக்கும். கோயில் வாசலில் மெழுகுதிரியோடு சேர்த்து விற்பார்கள். பிரித்துத் தேரின் மேல் எறிவார்கள். பூவும் மாலையும் கூடவே விழும். மிளகு உருண்டு ரோட்டில் ஓட, பின்னால் வருகிற சிறுவர்கள் காலில் மிதிபடும். உப்பும் மிளகும் போடுவது கத்தோலிக்கர் மட்டும் செய்வதல்ல. உடம்பில் மரு, கட்டி என்றால் உப்பு மிளகு நேர்ந்துகொள்வது தென்மாவட்டத்துக் கோயில்கள் பலவற்றில் உள்ள வழக்கம். சவேரியாருக்கு அதை நேர்ந்துகொண்டு வருகிற இந்துக் குடும்பங்களை யாரும் ஏன் வந்தீர்கள் என்று கேட்பதில்லை.

தேருக்குப் பின்னால் வருவதுதான் கண்ணை இழுக்கும். ஈரத்துணியோடு சிலர் தரையில் உருண்டு வருவார்கள். இன்னும் சிலர் கும்பிடு நமஸ்காரம்: நெடுஞ்சாண்கிடையாக விழுந்து, எழுந்து, விரல் தொட்ட இடம் வரை நடந்து, மறுபடி விழுவது. கூடவே வீட்டு ஆள் ஒருவர் குனிந்து கல்லையும் சிந்திய மெழுகையும் காலால் ஒதுக்கிக்கொண்டே போவார். தார் ரோடு டிசம்பரிலும் மத்தியானம் சுடும். வெளியிலிருந்து வருகிறவர்கள் மொபைலை நீட்டி முகத்துக்கு அருகில் போய்ப் படம் எடுக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். உருளுகிறவர் வேண்டிக்கொண்டது பிள்ளைக்கு நோயோ, கடலில் தப்பிய உயிரோ, நமக்குத் தெரியாது.

கடலில் தப்பிய உயிர் என்று சும்மா சொல்லவில்லை. 2017இல் ஒக்கிப் புயல் குமரிக் கரையைத் தாக்கியது நவம்பர் 30 அன்று, சரியாக இந்தத் திருவிழா நாட்களுக்குள். ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அதற்கு முன் 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமசுக்கு மறுநாள், சுனாமி. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று ஊர் ஊராக அள்ளிக்கொண்டு போனது. மணக்குடிப் பாலமே உடைந்தது. குமரிக் கடற்கரையில் டிசம்பர் மாதத்தின் திருவிழாக்களுக்குள்ளேயே திதிகளும் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு தேரடியில் நின்றால் அழுகிற முகங்கள் புரியும்.

தேவசகாயத்தின் சாலை

சவேரியார் கோயிலில் சவேரியாரின் உடல் இல்லை, அது கோவாவில். இங்கே இருப்பது தேவசகாயத்தின் கல்லறை. 2022 மே 15 அன்று ரோமில் புனிதர் பட்டம் பெற்றதிலிருந்து கோட்டாறுக்கு வரும் வெளியூர் ஆட்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள். இந்தியாவில் துறவியாகவோ குருவாகவோ இல்லாத ஒருவர் புனிதரானது அதுவே முதல்முறை. அதற்கு முன் 2012 டிசம்பர் 2 அன்று, புனிதர் பட்டத்துக்கு முந்திய படியான முத்திப்பேறு பட்டம் நாகர்கோவிலிலேயே நடந்தது. சவேரியார் திருவிழாவின் கடைசிக்கு முந்திய நாள்.

அவர் கதையைப் புத்தகத்தில் படிப்பதைவிடச் சாலையில் படிப்பது நல்லது. 1712 ஏப்ரல் 23 அன்று நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்தார். நட்டாலம் மார்த்தாண்டம் பக்கம், மாவட்டத்தின் மேற்கில் இருக்கிறது. வேலை பார்த்தது திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனை இருந்த பத்மநாபபுரத்தில். 1741 குளச்சல் போரில் டச்சுக்காரர்கள் தோற்று, பிடிபட்டவர்களில் ஒருவரான டிலனாய் பிறகு திருவிதாங்கூர் படைக்கே பயிற்சி கொடுத்து அதன் தளபதியானார். குடும்பத்தில் அடுக்கடுக்காக வந்த இழப்புகளால் மனம் நொந்திருந்த நீலகண்டனிடம் டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னதாக மரபு. ஞானஸ்நானம் 1745 மே மாதம், வடக்கன்குளத்தில். அங்கேதான் நீலகண்டன் தேவசகாயம் ஆனார்.

கோட்டாறில் கோயில் இருக்க, கடற்கரை நெடுக ஆலயங்கள் இருக்க, ஏன் வடக்கன்குளம் வரை போனார்? ஏனென்றால் வடக்கன்குளம் ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், திருவிதாங்கூர் எல்லைக்கு வெளியே. அரண்மனை ஊழியத்தில் இருக்கும் ஒருவருக்கு ராஜ்யத்துக்குள் ஞானஸ்நானம் கொடுக்கிற துணிச்சல் எந்தக் குருவுக்கும் வராது. ஆக, மதம் மாற அவர் கணவாயைத் தாண்டிக் கிழக்கே போனார். ஏழு வருடம் கழித்து அதே கணவாய்க்கு விலங்கோடு கொண்டுவரப்பட்டார்.

1749 பிப்ரவரி 23 அன்று கைது. ஏறக்குறைய மூன்று வருடம் சிறையும் சித்திரவதையும். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தில் அவர் பாறையை முட்டியால் இடிக்கத் தண்ணீர் கசிந்ததாகச் சொல்லும் முட்டிடிச்சான் பாறை தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியே இருக்கிறது. பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டிருந்தார்கள். கடைசியில் 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் வீசினார்கள். சில நாள் கழித்து எலும்புகளைப் பொறுக்கியெடுத்தவர்கள் அடக்கம் செய்யக் கொண்டுபோனது கோட்டாறுக்கு. கணவாயிலிருந்து இறங்கினால் முதல் பெரிய ஊர், முதல் பெரிய கோயில். சந்தைக்குப் போகும் அதே வழி.

இந்த மரணம் எதற்காக என்பதில் வழக்கு இன்னும் ஓயவில்லை. திருவிதாங்கூர் வரலாற்றை எழுதியவர்களில் சிலர், மதத்துக்காக அங்கே யாரையும் கொல்லவில்லை, டிலனாயே கத்தோலிக்கர்தானே, அவர் தளபதியாக இருந்தாரே என்று கேட்கிறார்கள். ராஜதுரோகக் குற்றம் என்பது அவர்கள் வாதம். திருச்சபையோ, சம்பவம் நடந்து நான்கே வருடத்தில், 1756இல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையில் இது விசுவாசத்துக்கான மரணம் என்று பதிவானதைக் காட்டுகிறது. டிலனாய் வாதம் எனக்கு எடுபடவில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய் தன் மதத்தில் இருப்பது ஒரு விஷயம். அரண்மனையில் ஊழியம் செய்யும் உள்ளூர் உயர்சாதிக்காரர் முக்குவரோடும் நாடாரோடும் சமமாக உட்காருவது முற்றிலும் வேறு விஷயம். 18ஆம் நூற்றாண்டு அரசுக்கு இரண்டாவதே ராஜதுரோகமாகத் தெரிந்திருக்கும். அப்படிப் பார்த்தால் இரண்டு தரப்பும் ஒரே நிகழ்ச்சியைத்தான் சொல்கிறது.

சாதிப் பேச்சு வந்ததால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த திருக்குடும்பக் கோயில், இரண்டு சாதியினர் இரண்டு தனித்தனிக் கூடங்களில் அமர்ந்து ஒரே பீடத்தைப் பார்க்கும்படி கட்டப்பட்டது. நடுவில் இருந்த தடுப்பு 1910இல்தான் இடிக்கப்பட்டது. ரோம் தன் ஆவணங்களில் 'பிள்ளை'யை எடுத்துவிட்டு வெறும் தேவசகாயம் என்று ஆக்கியது புனிதர் பட்டத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். காற்றாடிமலையோடு திரும்பிவிடாமல் வடக்கன்குளத்தையும் பார்த்துவிட்டு வருவது, இந்தக் கதையை ரொம்ப இனிப்பாக விழுங்கிவிடாமல் தடுக்கும்.

போகிறவர்களுக்கு

நட்டாலம், புலியூர்க்குறிச்சி, பெருவிளை, கோட்டாறு, காற்றாடிமலை, எல்லாமே மேற்கிலிருந்து கிழக்காக ஏறக்குறைய ஒரே நெடுஞ்சாலைத் தடத்தில் இருக்கின்றன. காலையில் மார்த்தாண்டத்திலிருந்து தொடங்கினால் பொழுது சாய ஆரல்வாய்மொழியில் இருக்கலாம். வண்டி இருந்தால் ஒரு நாள் போதும். புலியூர்க்குறிச்சியில் இறங்கும்போது எதிரே உதயகிரிக் கோட்டைக்குள்ளும் போய்வாருங்கள். வனத்துறைப் பூங்காவாக இருக்கும் அந்தக் கோட்டைக்குள் கூரையில்லாத ஒரு சிற்றாலயத்தில் டிலனாயின் கல்லறை இருக்கிறது. லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. பக்திப் பயணமாக வருகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்த வழியில் கோட்டாறுக்கு அடுத்தபடி பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

காற்றாடிமலையில் மணியடிச்சான் பாறை என்று ஒன்று உண்டு. கல்லால் தட்டினால் மணிபோல ஓசை வரும். வருகிறவர் எல்லாரும் தட்டிப் பார்ப்பார்கள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை சொல்லிக்கொண்டு கூட்டம் கூட்டமாக ஏறுவார்கள். தேவசகாயத்தின் நினைவு நாள் ஜனவரி 14, பொங்கலை ஒட்டி வருவதால் பஸ்ஸில் இடம் கிடைப்பது கடினம். காற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். முப்பந்தல் காற்றாலைகள் பக்கத்தில்தான் சுற்றுகின்றன. ஆனி, ஆடியில் போனால் மெழுகுதிரி ஏற்றும் ஆசையை விட்டுவிடுங்கள்.

நேரம் மிச்சமிருந்து, வேறு எதையாவது பார்க்க வேண்டுமென்றால்: கன்னியாகுமரியில் அலங்கார உபகார மாதா கோயில், செபமாலையின் 153 மணிகளுக்குக் கணக்காக 153 அடிக் கோபுரம். தக்கலை அருகே திருவிதாங்கோட்டில் புனித தோமா காலத்தது என்று மரபு சொல்லும் அரப்பள்ளி, ஆனால் அது கத்தோலிக்கருடையது அல்ல, ஆர்த்தடாக்ஸ் சபையுடையது. நாகர்கோவிலில் பெரிதாகத் தெரியும் ஹோம் சர்ச்சும் கத்தோலிக்கக் கோயில் இல்லை, புராட்டஸ்டன்ட் சபையான சி.எஸ்.ஐ.யுடையது. இந்த மாவட்டத்தில் சிலுவையைப் பார்த்ததும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. யாரிடமாவது கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள், கொஞ்சம் பெருமையாகவும்.

கோயிலுக்குள் போகும்போது வாசலில் செருப்புகள் கிடந்தால் நீங்களும் கழற்றிவிட்டுப் போங்கள். பூசை நடக்கும் நேரத்தில் கல்லறைப் பக்கம் நடமாடாமல் முடியும்வரை பின் வரிசையில் உட்கார்ந்திருப்பது மரியாதை. திருவிழாப் பத்து நாளும் வடகிழக்குப் பருவமழை நாட்கள்தான். வெயிலடிக்கும்போதே மழை கொட்டும், குடை அவசியம். தேரன்று கோட்டாறு வழியாகப் போகும் வண்டிகளை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். அண்ணா பஸ் நிலையத்திலேயே இறங்கி நடந்துவிடுவது உத்தமம். வழியில் டீக்கடையில் சூடாகப் பழம்பஜ்ஜி கிடைக்கும், ரசவடையும் கிடைக்கும். மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் வேண்டுமென்றால் மத்தியானத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். மட்டிப்பழம் ஒரு சீப்பு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். நாலு நாள் தாங்காது, ஊருக்குக் கொண்டுபோகலாம் என்று நினைக்காதீர்கள்.

தங்குவதற்கு கன்னியாகுமரியில் அறை தேடாதீர்கள். கார்த்திகையிலிருந்து தை வரை ஐயப்ப பக்தர் கூட்டத்தில் அங்கே வாடகையும் ஏறிக்கிடக்கும், அறையும் கிடைக்காது. நாகர்கோவிலிலேயே, வடசேரிக்கும் மீனாட்சிபுரத்துக்கும் நடுவே எங்காவது எடுத்தால் கோட்டாறுக்கு ஆட்டோ தூரம்தான். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு, கடை திறக்கும் நேரத்துக்குக் கம்போளத்துக்குள் நுழையலாம்.